சராசரியை வைத்துக் கேம் விற்காதீர்கள்: காரைக்குடி பொதுப் பெட்டி நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பொதுப் பெட்டி நண்பர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எடுத்த முடிவைப் பற்றித்தான் எழுதுகிறேன். நாம் பொதுவில் வாங்கிக் கைமாற்றி ஆடுகிற நம் பெட்டியில் இருக்கிற எல்லா ஆர்பிஜி கேம்களுக்கும் (கதைக்குள் ஒரு பாத்திரமாக நுழைந்து ஆடுபவை) ஆளுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது, சராசரி எடுப்பது, ஆறுக்குக் கீழே வந்ததையெல்லாம் விற்றுவிட்டு அந்தக் காசில் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கான கேம் கார்டு வாங்குவது என்று பேசி முடித்தீர்கள். கணக்கு எழுதுகிறவன் நான் என்பதால் தாள்கள் என் கைக்கு வந்து சேர்ந்தன. உட்கார்ந்து படித்தேன். இந்த விற்பனைக்கு என் சம்மதம் இல்லை. நேரில் சொல்லலாம்தான். ஆனால் நம் கூட்டத்தில் யாரையும் ஒரு பேச்சைப் பேசி முடிக்க விட்டதில்லை. வடையும் டீயும் வந்தால் வாதம் கலைந்துவிடும். நம்மைப் போலவே கேம் வாங்கிக் கைமாற்றிக்கொள்கிற குழுக்கள் மற்ற ஊர்களிலும் இருக்கும். அவர்களும் படிக்கட்டும் என்று திறந்த மடலாகவே எழுதிவிட்டேன்.

தாள்களில் முதலில் கண்ணில் பட்டது இதுதான்: நடுவில் ஆளே இல்லை. ஒரே கேமுக்கு ஒருவர் ஒன்பது போட்டிருக்கிறார், இன்னொருவர் இரண்டு. கூட்டி வகுத்தால் ஐந்தரை. அந்தக் கேம் ஐந்தரைதான் பெறும் என்று நினைக்கிறவர் நம்மில் ஒருவர்கூட இல்லை. யாருடைய கருத்தும் அல்லாத ஓர் எண்ணைக் காட்டி ஒரு கேமை வெளியே அனுப்பப் போகிறோம்.

விற்பனைப் பட்டியலில் தலைமாட்டில் நிற்கிற டிராகன் குவெஸ்ட் 9-ஐயே எடுத்துக்கொள்வோம். இந்தக் கேமைப் பற்றி ஜப்பானியர்களே ஒத்துப்போனதில்லை. 2006 டிசம்பரில் இது நிண்டெண்டோ டிஎஸ்ஸில் வரப்போகிறது என்று அறிவித்தபோது, வரிசை எண் உள்ள டிராகன் குவெஸ்ட் ஒன்று முதன்முதலாகக் கையடக்கக் கருவிக்கென்றே வருகிறது என்பதே பலருக்குப் பிடிக்கவில்லை. அப்போது காட்டிய படங்களில் சண்டை ஆக்‌ஷன் பாணியில் இருந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். பிறகு பழைய வழக்கப்படி, கட்டளை கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் டர்ன் பேஸ்டு சண்டைக்கே மாற்றினார்கள். 2009 ஜூலை 11 அன்று வெளிவந்து, ஜப்பானில் மட்டும் 40 லட்சத்துக்கு மேல் விற்றது. ஃபாமிட்சு என்ற ஜப்பானியக் கேம் இதழின் நான்கு விமர்சகர்களும் ஆளுக்குப் பத்து போட்டு 40-க்கு 40 கொடுத்தார்கள். அதே வாரத்தில் அமேசானின் ஜப்பான் தளத்தில் வாங்கியவர்கள் ஒற்றை நட்சத்திரமாகக் குவித்தார்கள். அந்தக் கோபத்துக்குப் பல காரணம். அதில் ஒன்று, கார்டில் ஒரே ஒரு சேவ்தான், அதாவது ஆட்டம் நின்ற இடத்தின் பதிவு ஒன்றுதான், வைக்க முடியும் என்பது. அண்ணன் ஆடிக்கொண்டிருந்தால் தங்கைக்கு இடம் இல்லை. அவள் புதிதாகத் தொடங்க வேண்டுமென்றால் அவனுடையதை அழித்தாக வேண்டும்.

இது எவ்வளவு பெரிய வம்பு என்று செட்டிநாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே வளவில் ஏழெட்டுப் புள்ளி, அதாவது கல்யாணமான குடும்பங்கள், இருந்தாலும் புள்ளிக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு என்று கணக்குப் பார்த்து வீடு கட்டிய ஊர் நம் ஊர். இந்தக் கார்டோ அறை ஒன்றே உள்ள வீடு. பள்ளத்தூர்த் தங்கச்சி இரண்டு போட்டது ஏன் என்று விசாரித்தேன். கார்டு அவர் கைக்கு வந்தபோது யாரோ பாதி ஆட்டத்தில் விட்ட சேவ் இருந்திருக்கிறது. அழிக்க மனமில்லாமல் அதிலேயே ஆடியிருக்கிறார். முன்பின் தெரியாத நான்கு ஆட்களை வைத்துக்கொண்டு, கதை எங்கே நிற்கிறது என்றே புரியாமல் சுற்றினால் யாருக்குத்தான் பிடிக்கும்? கூட வருகிறவர்களுக்குச் சொந்தக் கதை கிடையாது என்றும் எழுதியிருக்கிறார். அது உண்மை. சத்திரத்தில் நாமே உருவாக்கிக் கூட்டிப்போகிற ஆட்கள் அவர்கள். வழியில் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

ஒன்பது போட்ட தேவகோட்டை அண்ணன் ஆடியது வேறு மாதிரி. அவர் வீட்டில் அப்போது நான்கு டிஎஸ், நான்கு கார்டு. கோடை விடுமுறைக்கு வந்த மச்சினர் மகன்கள், சொந்தப் பிள்ளை எல்லோரும் முகப்பில் பாய் விரித்து வயர்லெஸ்ஸில் ஒரே உலகத்துக்குள் நுழைந்து ஆடியிருக்கிறார்கள். அந்தக் கேமில் கூட வருகிறவர் ஊமை என்பது அங்கே குறையே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் ஓயாமல் பேசுகிறானே! அதுவும் போக, அன்றைக்கு வைஃபை வழியாக அவ்வப்போது புதுச் சரக்கு வரும் கடை ஒன்று கேமுக்குள் இருந்தது. டிஎஸ்ஸுக்கான இணைய சேவையை நிண்டெண்டோ 2014 மே மாதம் நிறுத்தியபோது அந்தக் கடையும் போயிற்று. ஆக அண்ணன் ஆடியதும் தங்கச்சி ஆடியதும் பெயரளவில்தான் ஒரே கேம். ஒன்பதும் சரி, இரண்டும் சரி. தப்பு, கூட்டி வகுத்ததில்.

இன்னொரு வேடிக்கை. ஒரே சேவ் என்று இதற்கு மதிப்பெண் குறைத்த மூன்று பேரும் போக்கிமானுக்கு எட்டுக்கு மேல் போட்டிருக்கிறீர்கள். போக்கிமானிலும் ஒரே சேவ்தான்! 1996-இல் சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்பாக வந்தபோதே ஆளுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ், நடுவில் ஒரு இணைப்புக் கேபிள் என்று நினைத்துத்தான் சதோஷி தஜிரி அதைச் செய்தார். ஒன்றில் கிடைக்கிற சில உயிர்கள் மற்றதில் கிடைக்காது. கடாப்ரா, ஹாண்டர் மாதிரிச் சில, கைமாறினால்தான் அடுத்த உருவம் எடுக்கும். உங்கள் வீட்டில் அது ஆளுக்கு ஒன்றாக இருந்ததால் குறை தெரியவில்லை. டிராகன் குவெஸ்ட் பொதுப் பெட்டியில் ஒன்றே ஒன்று இருந்ததால் தெரிந்தது. நாம் மதிப்பெண் போட்டது நம் பெட்டியின் நடைமுறைக்கு.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். கையில் வைத்து ஆடும் ஆர்பிஜியைப் பற்றிய கருத்தில் பாதி, ஆடியவர் எங்கே உட்கார்ந்து, எவ்வளவு நேரம், யாரோடு ஆடினார் என்பதில் இருக்கிறது. அதை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினால் படிக்கிறவருக்கு உதவாது.

கோட்டையூர் ஐயா தன் தாளின் ஓரத்தில், 'கையடக்க ஆர்பிஜி எல்லாம் பெரிய கன்சோல் கேமின் அரைகுறைப் பதிப்பு' என்று எழுதியிருக்கிறார். ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். கையடக்க ஆர்பிஜி பிறந்தபோதே கைக்கென்று அளவெடுத்துத்தான் பிறந்தது. 1989-இல் நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் வந்து, கட்டம் அடுக்கும் டெட்ரிஸ் பரவிக்கொண்டிருந்த சமயம். டெட்ரிஸ் மாதிரி ஒன்று செய்யுங்கள் என்று ஸ்கொயர் நிறுவனத் தலைவர் கேட்க, அகிடோஷி கவாசுவும் கோய்ச்சி இஷீயும் ஆர்பிஜியே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த டிசம்பரில் வந்ததுதான் சாகா. அமெரிக்காவில் ஃபைனல் ஃபேன்டஸி லெஜண்ட் என்று பெயர் மாற்றி விற்றார்கள். சண்டை நடக்கும் நேரம் தவிர எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்யலாம். மொத்த ஆட்டமும் ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், அதாவது நரிட்டாவில் விமானம் ஏறி ஹொனலூலுவில் இறங்குவதற்குள் முடிய வேண்டும் என்று அளவு வைத்தார்கள். நமக்கு ஹொனலூலு எதற்கு? காலையில் காரைக்குடியில் பல்லவன் ஏறி எழும்பூரில் இறங்குகிற நேரம் கிட்டத்தட்ட அதேதான். ஸ்கொயரின் முதல் பத்து லட்சம் விற்ற கேமும் அதுவே. ஆயுதம் இத்தனை முறை வீசினால் தீர்ந்துபோகும் என்கிற அதன் விதி இன்றைக்கும் பாதிப் பேருக்கு எரிச்சல், பாதிப் பேருக்கு அதுதான் சுவாரசியம். எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் அதை யாராவது அரைகுறை என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்து, கூட்டம் தோறும் வருகிற சண்டை: டர்ன் பேஸ்டா, ஆக்‌ஷனா? இதில் நான் நடுநிலை இல்லை. கையில் வைத்து ஆடுவதென்றால் டர்ன் பேஸ்டு பக்கம்தான். குன்றக்குடி போகிற டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி ஆடிப் பாருங்கள், நீங்களும் இந்தப் பக்கம் வந்துவிடுவீர்கள். கட்டளை கொடுக்கிற வரை பூதம் காத்திருக்கும். நடத்துநர் சீட்டுக் கொடுக்க வருவார், போன் அடிக்கும், அடுப்பில் பால் பொங்கும். பூதம் அசையாமல் நிற்கும். ஆக்‌ஷன் கேமில் பாஸை, அதாவது பெரிய எதிரியை, அடித்துக்கொண்டிருக்கும்போது காலிங் பெல் அடித்தால் அந்த ஆட்டம் போனதுதான்.

ஆக்‌ஷன் பக்கத்துத் தம்பிகள் உடனே டிஎஸ்ஸை மூடினால் தூங்கிவிடுமே, சோனியின் கைக்கருவியான பிஎஸ்பியில் சுவிட்சைத் தள்ளினால் அப்படியே நின்றுவிடுமே என்பார்கள். சரி, நிற்கும். திறந்தவுடன் எந்தப் பொத்தானில் விரல் இருந்தது, எதிரி எந்தப் பக்கம் பாய்ந்துகொண்டிருந்தான் என்பது நினைவில் நிற்குமா? ஆனால் அவர்கள் பக்கத்தில் ஒரு நல்ல சாட்சி உண்டு, அதை நானே சொல்லிவிடுகிறேன். 2007-இல் பிஎஸ்பிக்கு வந்த கிரைசிஸ் கோர். கதையை ஒட்டி 300 சின்னச் சின்னப் பணிகள், ஒவ்வொன்றும் சில நிமிடம். ஒரு பணியை முடித்துவிட்டுக் கருவியைப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஒரே நாளில் உட்கார்ந்து நூறு பணி ஆடிய ஒருவர் 'ஒரே மாதிரி இருக்கிறது' என்று நான்கு போட்டிருக்கிறார். ஒரே மாதிரிதான் இருக்கும், அண்ணே. சீடையைப் படி கணக்கில் சாப்பிட்டால் யாருக்கும் திகட்டும்.

இனி யாரும் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றுக்கு வருகிறேன். எல்லாத் தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. பேச்சு அதிகம் உள்ள கேம்களில்தான் நம் மதிப்பெண்கள் கிழக்கும் மேற்குமாகப் பிரிகின்றன. டிரெயில்ஸ் இன் த ஸ்கை, கோல்டன் சன், ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ். காரணம், இவை எதுவும் தமிழில் இல்லை. நாம் எல்லோரும் ஆங்கிலத்தில் படித்து ஆடுகிறோம், எல்லோரும் ஒரே வேகத்தில் படிப்பதில்லை. ஆங்கில நாவல் படித்துப் பழகியவருக்கு டிரெயில்ஸ் ஒரு சுகம். ஊரில் இருக்கிற ஒவ்வொரு ஆளிடமும் போய்ப் பேசலாம், கதை கொஞ்சம் நகர்ந்ததும் அதே ஆள் வேறு பேச்சுப் பேசுவார். அதையே எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால், பொத்தானை அமுக்கி அமுக்கிப் பேச்சைத் தள்ளிவிட்டு, கடைசியில் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கும். அதன்பின் 'போர்' என்று எழுதும். அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. கோல்டன் சன்னில் ஒரு விஷயத்தை மூன்று பேர் மாற்றி மாற்றிச் சொல்வார்கள், ஆங்கிலம் நன்றாக வருகிறவருக்கே அலுப்புத் தட்டும்.

இதற்கு எதிர்ப்பக்கம் எட்ரியன் ஒடிசி. பேச்சு குறைவு. டிஎஸ்ஸின் கீழ்த் திரையில் குச்சி பிடித்து, நடக்க நடக்க நாமே சுவர் வரைந்து, கதவு போட்டு, வரைபடம் செய்துகொண்டு போக வேண்டும். கதை எங்கே என்று கேட்டு மூன்று பேர் அதற்கு மூன்று, நான்கு என்று போட்டிருக்கிறார்கள். நம் குழுவில் ஆங்கிலமே சிரமம் என்று சொல்கிற கண்டனூர் ஆச்சி மட்டும் பத்துக்குப் பத்து போட்டிருக்கிறார். கோலம் போடத் தெரிந்தவருக்குக் கட்டம் பார்த்துக் கோடு இழுப்பது என்ன கஷ்டமா! அவர் தாளைச் சராசரியில் கரைத்துவிட்டால், பெட்டிக்கு அடுத்து வரப்போகும் இன்னொரு ஆச்சிக்கு இந்தக் கேமை யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

பெர்சோனா 3 போர்ட்டபிள் விஷயம் கொஞ்சம் நீளமானது. 2006-இல் டிவியில் இணைத்து ஆடும் பிஎஸ்2-வில் முதல் பதிப்பு வந்தபோது பள்ளிக்கூடம், விடுதி, கடைத்தெரு எல்லாவற்றிலும் நடந்து திரியலாம். 2009-இல் பிஎஸ்பிக்குக் கொண்டுவந்தபோது அந்த நடையை எடுத்துவிட்டார்கள். சண்டை நடக்கும் கோபுரத்துக்குள் மட்டும்தான் நடை. வெளியே எல்லாம் நிலைப்படம், அதன் மேல் ஒரு சுட்டி. போக வேண்டிய இடத்தைச் சுட்டினால் போய்விடலாம். அசைபடக் காட்சிகளும் இல்லை. பதிலுக்குப் பெண் பாத்திரமாக ஆடும் வாய்ப்பு வந்தது. பிஎஸ்2-வில் கூட்டாளிகள் தம் இஷ்டத்துக்குச் சண்டை போடுவார்கள், இதில் அவர்களுக்கும் நாமே கட்டளை கொடுக்கலாம். இதற்கு எதிராக எழுதியவர்கள் எல்லோரும் பிஎஸ்2-வில் முதலில் ஆடியவர்கள், ஆதரவாக எழுதியவர்கள் பிஎஸ்பியில் தொடங்கியவர்கள். என் கட்சி பிஎஸ்பி. மதிய உணவு இடைவேளையில் ஒரு பள்ளிக்கூட நாளை முடித்துவிட முடிகிறது என்றால், அந்தச் சுட்டி கைக்கருவிக்காகத் தெரிந்தே செய்த வேலை. ஆனால் அந்த ஊரின் தெருவில் ஒருமுறை நடந்து பார்த்தவர் 'ஊரையே காணோம்' என்று வருத்தப்பட்டால், வாதம் செய்து ஜெயிக்க ஒன்றும் இல்லை.

தற்செயலாக வந்து மோதும் எதிரிகள் பற்றிய சண்டையை இரண்டு வரியில் முடிக்கிறேன். பிரேவ்லி டிஃபால்ட் அந்த வழக்கையே தள்ளுபடி செய்துவிட்டது: எதிரி வருகிற விகிதத்தை அடியோடு நிறுத்தலாம், இரட்டிப்பாகவும் ஆக்கலாம், எல்லாம் ஆடுகிறவர் கையில். அதே கேமின் பின்பாதியில் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வதை ஆதரித்து ஒரு தாள்கூட வரவில்லை. நம் குழு ஒற்றுமையாக நின்ற இடம் அது ஒன்றுதான்.

கண் விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் நாற்பதைத் தாண்டியவர்கள் பெருகிவிட்டோம். 2001-இல் வந்த முதல் கேம் பாய் அட்வான்ஸின் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. முற்றத்து வெயில் சாய்வாக விழுகிற இடத்தில் உட்கார்ந்தால்தான் இருட்டான குகைக் காட்சி தெரியும். 2003-இல் அதன் அடுத்த வடிவமான எஸ்பி வந்தபிறகுதான் விளக்கும் மடித்து மூடும் வசதியும். முதல் கருவியில் ஆடியவர் 'இருட்டு' என்று மதிப்பெண் குறைத்த கேமை, எஸ்பியில் ஆடியவர் 'நல்ல வண்ணம்' என்று பாராட்டியிருக்கிறார். டாக்டிக்ஸின் பிஎஸ்பி பதிப்பில் மந்திரம் வீசும்போது படம் திணறுவது எல்லோருக்கும் தெரியும். ஸ்விட்ச் வாங்கினால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிற தம்பிகள், ஸெனோபிளேட் கிரானிக்கிள்ஸ் 2-ஐ டிவியில் போடாமல் கையில் வைத்து ஆடிப் பார்த்துவிட்டு வாருங்கள். மங்கலாக, கண்ணாடி துடைக்கச் சொல்லும்.

இனி விற்பனைக்கு வருகிறேன். விற்றால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். எங்கே வாங்குவது? பிஎஸ்பியிலிருந்தே கேம் வாங்குகிற வசதி எப்போதோ நின்றுபோனது. டிஎஸ்ஸுக்கு அடுத்து வந்த 3டிஎஸ் கருவிக்கான இணையக் கடையை நிண்டெண்டோ 2023 மார்ச் 27 அன்று மூடிவிட்டது. மிச்சம் இருப்பது பழைய கார்டும் வட்டும்தான். பழைய சரக்கில் போலி ஏராளம். கேம் பாய் அட்வான்ஸ் போலிகள் பார்வைக்கு அசல் மாதிரியே இருக்கும், பல மணி நேரம் ஆடிவிட்டு மறுநாள் போட்டால் சேவ் இருக்காது. நம் பெட்டியில் உள்ளவை அசல் என்று நமக்குத் தெரியும். அதை நூறு, இருநூறுக்குத் தள்ளிவிட்டுப் பிறகு போலிக்கு ஆயிரம் கொடுக்கப் போகிறோமா?

போக்கிமான் கோல்டு 'கெட்டுவிட்டது' என்று விற்பனைப் பட்டியலில் சேர்த்திருப்பதைப் பார்த்தேன். கெடவில்லை. கேமுக்குள் பகல் இரவு ஓடுவதற்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. சேவும் கடிகாரமும் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியில் வாழ்கின்றன. பேட்டரி தீர்ந்தால் சேவ் நிற்காது, வேறு ஒன்றுமில்லை. சாலிடரிங் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றினால் பழையபடி ஆடும். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் எழுந்து, பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர் வாங்கிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், அதாவது செக்ரி, இருக்கிற ஊர் இது. அந்த ஊரில் பேட்டரி தீர்ந்த குற்றத்துக்காக ஒரு கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட்டோம் என்றால் வெளியே சொல்ல வெட்கமாக இருக்கும்.

ஸ்விட்ச் கார்டு வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கலாம். நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாகக் கடை விரிக்காததால் எல்லாம் இறக்குமதி விலை, அதனால் யோசித்து வாங்கலாம். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-க்கு வரும் சில கார்டுகளில் கேமே இருக்காது. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள ஒரு சாவி மட்டும்தான் இருக்கும். கைமாற்றிக்கொள்ளலாம்தான், ஆனால் வாங்கிப் போகிறவர் ஒவ்வொருவரும் தன் கருவியில் முழுக் கேமையும் இறக்க வேண்டும். நம்மில் பாதிப் பேர் வீட்டில் இணையம் என்பது மொபைல் டேட்டாதான். அட்டைப்பெட்டியில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் பெட்டிக் காசைச் செலவழிக்க வேண்டாம். காசுக்கு வழியும் இருக்கிறது: இரண்டு பிரதி உள்ள கேம்கள் பெட்டியில் நான்கைந்து உண்டு. யாரும் கேட்டு வாங்காத கார்ப் பந்தய வட்டுகளும் உண்டு. அவற்றை விற்றுக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

மதிப்பெண் தாளுக்குப் பதிலாக நான் கேட்பது ஒரு துண்டுச் சீட்டு. ஒவ்வொரு கேமின் உறைக்குள்ளும் ஒரு சின்ன நோட்டை மடித்து வைப்போம். ஆடி முடித்தவர், அல்லது பாதியில் விட்டவர், திருப்பிக் கொடுக்கும்போது நான்கு வரி எழுதட்டும். எந்தக் கருவியில் ஆடினேன், பஸ்ஸிலா வீட்டிலா, எந்த இடத்தில் நிறுத்தினேன், ஏன். 'ராத்திரி விளக்கணைத்தபின் படுத்துக்கொண்டு ஆடினேன், எழுத்து சிறியது, இரண்டாவது கோபுரத்தோடு விட்டுவிட்டேன்' என்று ஒருவர் எழுதினால், அதைப் படிக்கிற அடுத்தவருக்கு அது தனக்கு ஆகுமா ஆகாதா என்று தெரிந்துபோகும். 'ஐந்தரை' என்பதில் என்ன தெரியும்? பாதியில் விட்டவர்கள் எழுதுவது முக்கியம். இதுவரை அவர்கள் தாளே கொடுக்கவில்லை, அதனால் நம் சராசரியில் முடித்தவர்களின் பிடிவாதம்தான் அதிகம் சேர்ந்திருக்கிறது.

அதோடு ஒரு விதியும் வேண்டும்: ஒரே சேவ் உள்ள கார்டுகளில் அந்தச் சேவ் யாருடையது, அழிக்கலாமா கூடாதா என்று நோட்டின் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் திருப்பினால் அடுத்தவர் தாராளமாக அழித்துக்கொள்ளலாம், பிறகு சண்டைக்கு வரக்கூடாது. ஃபயர் எம்பளம் மாதிரி, செத்தவர் திரும்பி வராத முறையும் வருகிற முறையும் சேர்ந்தே இருக்கிற கேம்களில், எந்த முறையில் ஆடினீர்கள் என்றும் ஒரு சொல் எழுதுங்கள். அது தெரியாமல் 'கஷ்டம்', 'சுலபம்' என்று எழுதுவதில் பொருளே இல்லை.

சிலருக்கு இது தீர்ப்பில்லாத பட்டிமண்டபம் மாதிரித் தோன்றும் என்று தெரியும். 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர், குன்றக்குடி அடிகளார் நடுவராக உட்கார்ந்து கேட்ட ஊர். யாராவது தீர்ப்புச் சொன்னால்தான் நமக்குச் சாப்பாடு இறங்கும். தீர்ப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் தீர்ப்புகளை மேலேயே தாராளமாகச் சொல்லிவிட்டேன். ஆனால் பட்டிமண்டபத்தில் தோற்ற அணியை யாரும் ஊரை விட்டு அனுப்புவதில்லை. நாம் தோற்ற கேமை விற்கப் பார்க்கிறோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இதை ஓட்டுக்கு விடக் கேட்டுக்கொள்கிறேன். டீ வருவதற்கு முன்பாகவே. அதுவரை பட்டியலில் உள்ள எதையும் யாரும் விலை பேச வேண்டாம். தேவகோட்டையில் ஒருவரிடம் ஏற்கெனவே பேச்சுக் கொடுத்திருப்பதாகக் காதில் விழுந்தது, அவரிடம் பொறுக்கச் சொல்லுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் தங்கள் கருத்தை எழுதி யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். வெறும் எண் மட்டும் எழுதிய தாள் வந்தால் அதை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டேன், திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
பெட்டிக் கணக்கு எழுதுகிறவன்,
கொத்தமங்கலம்